யாருடைய நாட்கணக்கு?

தேயிலைத் தோட்டத்தில் நாள் என்பது சூரியனால் அளக்கப்படுவதன்று; தராசால் அளக்கப்படுவது. குறித்த அளவு கொழுந்து நிறுக்கப்பட்டால் ஒரு 'பேர்', குறைந்தால் அரைப்பேர். பேர் பதியாத நாள், உழைத்த நாளாயினும் இல்லாத நாளே. இந்தக் கணக்கைத் தலைமுறை தலைமுறையாக அறிந்த மலையக மக்கள், இனி இன்னொரு நாட்கணக்கையும் அறிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

உறுப்பு மாற்றுச் சத்திரசிகிச்சை பெற்ற நோயாளி எத்தனை நாள் வைத்தியசாலையில் தங்குவார் என முன்கூட்டியே கணிக்கும் கணக்கு அது. 1954 டிசம்பர் 23ஆம் திகதி பொஸ்டன் நகரில் ஜோசப் மறேயும் அவர் குழுவினரும் இரட்டையரில் ஒருவரின் சிறுநீரகத்தை மற்றவருக்குப் பொருத்தி வெற்றி கண்டனர். 2017 யூலையில் நம் கண்டி வைத்தியசாலையிலேயே இலங்கையின் முதலாவது இருதய மாற்றுச் சிகிச்சை நடந்தேறியது. இவை மனித குலத்தின் வெற்றிகள். இவற்றைச் சிறுமைப்படுத்துவது நம் நோக்கமன்று.

கணிப்பையும் நாம் வெறுக்கவில்லை. நோயாளியின் வயது, நீரிழிவு, குருதிச் சுத்திகரிப்பில் கழித்த ஆண்டுகள், உறுப்பைத் தந்தவர் உயிருள்ளவரா மூளைச்சாவடைந்தவரா, உறுப்பு குளிரில் காத்திருந்த மணித்தியாலங்கள் எத்தனை என்பவற்றையெல்லாம் இன்று கணினி ஆராய்கிறது. புதிய சிறுநீரகம் உடனே இயங்காவிட்டால் மீண்டும் குருதிச் சுத்திகரிப்பு வேண்டும். தங்கும் நாட்களும் நீளும். இதை முன்கூட்டியே அறிந்தால் படுக்கையையும் மருந்தையும் தாதியரையும் ஆயத்தப்படுத்தலாம். நல்லதுதான்.

ஆனால் நாட்களை எண்ணுபவன் எதற்காக எண்ணுகிறான்? 1983இல் அமெரிக்க அரசு, முதியோர்க்கான மருத்துவக் காப்புறுதியில் நோயின் வகைக்கேற்ப முன்னரே நிர்ணயித்த ஒரே தொகையை வைத்தியசாலைகளுக்கு வழங்கத் தொடங்கியது. அதன்பின் நோயாளி கூடுதலாகத் தங்கும் ஒவ்வொரு நாளும் வைத்தியசாலைக்கு நட்டமாயிற்று. நோயாளியின் நாள் பணத்தின் நாளாக மாறியது. தோட்டத்துத் தராசுக்கும் இதற்கும் வேற்றுமை என்ன?

ஹற்றன் பக்கத்துத் தோட்டமொன்றின் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்குச் சிறுநீரகம் மாற்றப்பட்டது என்று கொள்வோம். பத்தாம் நாள் அவள் உடல் தேறிவிட்டதெனக் கணக்குச் சொல்கிறது. அவள் எங்கே போவாள்? பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பராவுக்கு. அங்கே அடுப்புப் புகை, சுவரில் ஈரம், பலர் பங்கிடும் தண்ணீர்க் குழாய். புதிய உறுப்பை உடல் நிராகரியாதிருக்க அவள் உண்ணும் மருந்து, நோயை எதிர்க்கும் ஆற்றலையே தணித்துவிடுகிறது. முதல் மாதங்களில் தொற்று நோயே பெரும் பகை. கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை வழியாகக் கண்டிக்கு மீண்டும் மீண்டும் இரத்தப் பரிசோதனைக்குச் செல்லவும் வேண்டும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் மண்சரிவுகள் மலையகப் பாதைகளை மூடியபோது, மருந்து வேளை தவறக்கூடாத நோயாளியின் நிலையை எந்தக் கணினி கணித்தது?

அவளுக்குத் துணையாக வரும் கணவனுக்கோ மகளுக்கோ அந்நாளில் பேர் இல்லை. அதே நவம்பரில் முன்வைக்கப்பட்ட வரவுசெலவுத் திட்டம், நாட்சம்பளத்தை 1,350 ரூபாவிலிருந்து 1,550 ஆக்கி, வேலைக்கு வந்த நாளுக்கு மேலும் 200 ரூபா தர முன்மொழிந்தது. நோயாளியின் அருகிலிருந்த நாள் வந்த நாளாகுமா?

அப்படியானால் வறுமையையும் கணக்கில் சேர்த்துவிடலாமே என்பார்கள் சிலர். இங்கேதான் பெரிய ஆபத்து இருக்கிறது. லயத்தில் வாழ்பவள் நீண்ட நாள் தங்குவாள் என்று கணினி கூறினால், கிடைப்பதோ அரிய உறுப்பு, படுக்கைகளோ சில. அவள் பெயர் பட்டியலின் அடிக்குத் தள்ளப்படாது என்பதற்கு என்ன உறுதி? 2019இல் 'சயன்ஸ்' இதழில் வெளிவந்த ஆய்வொன்று, அமெரிக்காவில் பெருவழக்கிலிருந்த கணிப்பு முறையொன்றின் குற்றத்தை வெளிப்படுத்தியது. மருத்துவச் செலவையே நோயின் அளவாகக் கொண்டது அது. கறுப்பின மக்களுக்குக் குறைவாகவே செலவிடப்பட்டிருந்ததால், அவர்களின் நோயும் குறைவென்று முடிவு கட்டியது. அநீதி இலக்கமாக உருமாறினால் விஞ்ஞானத்தின் மரியாதையையும் பெற்றுவிடுகிறது!

ஆகவே நாம் கூறுவது இது: நீளும் நாட்களை நோயாளியின் குறையென எழுதாதீர்கள், சமுதாயத்தின் கடனென எழுதுங்கள். கண்டியில் வைத்தியசாலைக்கு அருகே தோட்ட மக்கள் தங்கித் தேற ஓர் இல்லம் வேண்டும். துணையிருப்பவரின் நாளுக்குச் சம்பளம் வேண்டும். இந்திய உதவியால் கட்டப்பட்டு 2017 மே மாதத்தில் திறக்கப்பட்ட, 150 படுக்கைகள் கொண்ட டிக்கோயா வைத்தியசாலையிலேயே இந்நோயாளருக்குரிய பரிசோதனையும் மருந்தும் கிடைக்க வேண்டும். லயம் ஒழிந்து வீடு வேண்டும். இவற்றைச் செய்தபின் கணியுங்கள். கணிப்பு தானே மாறும்.

நாட்களை எண்ணக் கற்றுக்கொண்டோர் பலர். அந்த நாட்கள் யாருடையவை என்று கேட்கக் கற்றுக்கொடுப்பது, ஆசிரியரும் மாணவரும் ஏற்கவேண்டிய பணி.