கடைசி வாங்குப் பிள்ளை

1945 ஆம் ஆண்டில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தபோது, கமக்காரனின் பிள்ளைக்கும் பாடசாலையின் வாசல் திறந்தது. வாசல் திறந்தால் மட்டும் போதுமா? ஐந்தாம் தரத்திற்கு வந்த பின்பும், கடைசி வாங்கில் அமர்ந்து, ஒரு பந்தியைத் தட்டுத் தடுமாறி வாசிக்கும் பிள்ளை கல்வி பெற்றுவிட்டதென எவரேனும் கூறத் துணிவரோ?

நீண்ட போரிலும், 2020 இன் கொள்ளைநோயிலும், 2022 இன் எரிபொருள் நெருக்கடியிலும் எம் பிள்ளைகள் இழந்த பாடசாலை நாட்கள் பல. வசதி படைத்தோர் அவ்விழப்பைத் தனியார் வகுப்புகளால் ஈடு செய்தனர். ஏழைப் பிள்ளைக்கு எஞ்சியது பரிகார வகுப்பு ஒன்றே.

பரிகாரக் கற்பித்தல் வேண்டாமென நாம் கூறவில்லை. அது நடைபெறும் முறையையே வினவுகின்றோம். காலையில் வகுப்பாசிரியர் கொம்பும் காலும் பெற்ற உயிர்மெய் எழுத்துக்களைக் கற்பிக்கின்றார். மாலையில் வேறொருவர் அதே பிள்ளையிடம் புலமைப்பரிசில் மாதிரி வினாத்தாளை நீட்டுகின்றார். இருவரும் ஒருவரோடொருவர் பேசுவதில்லை. ஒரு வழியிலேயே நடக்க இயலாத பிள்ளையை இரு வழிகளில் இழுப்பது உதவியாகுமா?

எம் கமக்காரர் இதனை நன்கறிவர். பெருவாய்க்கால் உடைந்து கிடக்கையில், கடைக்கோடி வயலுக்குக் குடத்தில் நீர் சுமப்பதால் பயிர் விளையாது. வகுப்பறைக் கற்பித்தலே அப்பெருவாய்க்கால்; பரிகார வகுப்பு அதிலிருந்து பிரியும் கிளை வாய்க்கால்.

ஆதலின், நாம் வேண்டுவன இவை: தேர்ந்த ஆசிரியர்களை முதலில் ஆரம்ப வகுப்புகளுக்கே அனுப்புக. காலையில் கற்பித்த பாடத்தையே, அதே முறையில், சிறு சிறு படிகளாக மாலையில் மீண்டும் கற்பிக்குக. இரு ஆசிரியரும் வாரம் ஒருமுறை கூடி, எப்பிள்ளை எங்கே தடைப்படுகின்றது என ஆராய்க. பிள்ளை தேறியதும் பரிகார வகுப்பிலிருந்து விடுவிக்குக. அதன்மீது பட்டப்பெயர் எதனையும் ஒட்டாதீர்.

1987 இன் 13 ஆம் திருத்தத்தின் வழி மாகாணப் பாடசாலைகள் மாகாண நிர்வாகத்தின் கீழ் வந்தன. எனவே, இவ்விடயத்தில் கொழும்பை மட்டும் குறைகூறித் தப்பிவிட இயலாது. படித்தோரே, பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் எழுந்து இவ்வினாவைக் கேளுங்கள். பெற்றோரே, பிள்ளை எத்தனையாம் இடம் என்று கேளாதீர். இன்று எதனை வாசித்தது என்று கேளுங்கள்.

உரிமை கோரும் சமூகம், தன் கடைசி வாங்குப் பிள்ளையைக் கைவிடுதல் தகுமோ?