தூண்டில்காரரை விடுங்கள், கரன்ட்காரரைத் தடுங்கள்

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

வேலை வெட்டி இல்லாதவன்தான் தூண்டிலைத் தூக்கிக்கொண்டு ஆத்துக்குப் போவான் என்று நம்மூர்ப் பக்கம் ஒரு பேச்சு உண்டு. வாத்தியார் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் சொல்கிறேன், அது சரியில்லை. தூண்டில் போடுகிறவர்கள் கரையில் இருக்கும் வரைதான் பவானி ஆறு பிழைக்கும் என்பது என் கட்சி.

போன ஞாயிற்றுக்கிழமை நாங்கள் நான்கு பேர் கொடிவேரி அணைக்குக் கீழே போயிருந்தோம். இரண்டு பேர் ஓய்வுபெற்ற வாத்தியார்கள், ஒருவர் வாழை விவசாயி, இன்னொருவர் மோட்டார் காயில் கட்டுகிறவர். மண்புழு வாழைத்தோட்டத்து வாய்க்கால் ஓரத்தில் தோண்டியது. தக்கை, மயிலிறகுத் தண்டு. ஓடுகிற தண்ணீரில் தக்கையை விட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும். ஜிலேபி கொத்தினால் தக்கை துடிக்கும். கெளுத்தி என்றால் அப்படியே அமுக்கி இழுத்துக்கொண்டு போகும். வகுப்பில் நாற்பது நிமிடம் கவனிக்காத பையன்கூட இதை மூன்று மணி நேரம் கவனிப்பான்.

மாலை வரை கிடைத்தது ஏழு ஜிலேபியும் இரண்டு கெளுத்தியும். ஒரு கெளுத்தி சினையாக இருந்தது. "பாவமுங்க வாத்தியாரே, விட்டுடலாம்" என்றார் விவசாயி. விட்டுவிட்டோம். எந்தச் சட்டப் புத்தகத்தையும் பார்த்து அவர் சொல்லவில்லை. அவருடைய அப்பா சொல்லிக் கொடுத்தது.

அன்றைக்கு மதியமே கொஞ்ச தூரம் தள்ளி இரண்டு இளவட்டங்கள் பேட்டரியும் ஒயரும் கட்டிய குச்சியுமாக ஆற்றில் இறங்கினார்கள். போய்க் கேட்டோம். "எல்லாரும்தான் பண்றாங்க, தாத்தா" என்று பதில் வந்தது. நாலு பேர் நின்றதால் ஏறிப் போய்விட்டார்கள். நாங்கள் அங்கே இல்லை என்றால்?

கரன்ட் பாய்ச்சினால் பெரிய மீன், குஞ்சு என்று பார்க்காது, எட்டும் தூரத்தில் உள்ளதெல்லாம் துவண்டு போகும். எடுப்பது நாலு பெரிய மீன், மீதி வீண். ஈர உடம்போடு நிற்கிற ஆளுக்கும் அதே கரன்ட்தான். பிளீச்சிங் பவுடர் கலக்குவது இன்னும் மோசம். மீன் தின்னும் பூச்சி புழுவையும் சேர்த்துக் கொல்லும். கரையோர ஊர்களுக்குக் குடிதண்ணீரும் இதே ஆறுதான். வெடி வைத்தோ விஷம் கலந்தோ மீன் பிடிப்பது குற்றம் என்று 1897ஆம் ஆண்டு மீன்வளச் சட்டமே சொல்கிறது. சட்டம் வந்து நூற்றிருபது வருடத்துக்கு மேல் ஆகிறது.

இந்த ஆற்றுக்கு இழப்பதற்கு நிறைய இருக்கிறது. ஐம்பது கிலோவுக்கு மேல் வளரும் திமில் மஹ்சீர் காவிரியிலும் அதன் கிளை ஆறுகளிலும் மட்டும் உள்ள மீன். உலகில் வேறெங்கும் கிடையாது. 2018இல் அது அழிவின் விளிம்பில் உள்ள இனம் என்று அறிவிக்கப்பட்டது. பவானிசாகரில் வந்து சேரும் நம் மோயாறு அதன் கடைசிப் புகலிடங்களில் ஒன்று. நாம் பிடிக்கும் ஜிலேபியோ ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது, 1952இல் இந்தியாவுக்குள் நுழைந்தது.

என்னிடம் படித்த பையன் ஒருவன் அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்தில் இருக்கிறான். அங்கே ஸ்டீல்ஹெட் என்ற மீனுக்கு இதே மாதிரி தக்கை விட்டுத்தான் தூண்டில் போடுகிறார்களாம். ஆற்றில் பிறந்து, கடலுக்குப் போய் வளர்ந்து, முட்டையிட மறுபடி ஆற்றுக்கு வரும் மீன் அது. நீலகிரியில் அவலாஞ்சி ஓடைகளில் வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து விட்ட ரெயின்போ டிரவுட்டும் அதே இனம்தான். அங்கே லைசென்ஸ் வேண்டும், பிடித்த மீனை அட்டையில் குறிக்க வேண்டும். பண்ணையில் வளர்த்து விடும் மீனுக்கு முதுகின் பின்பக்கத்துச் சின்னத் துடுப்பை வெட்டி அடையாளம் வைக்கிறார்கள். அந்தத் துடுப்பு முழுதாக இருந்தால் அது ஆற்றில் தானாகப் பிறந்த மீன், அதைத் திரும்ப விட்டுவிட வேண்டும். நம் விவசாயி சொன்னதையே அங்கே விதியாக எழுதி வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

தூண்டிலும் உயிரைக் கொல்வதுதானே என்று சிலர் கேட்பீர்கள். ஆமாம், மறுக்கவில்லை. ஆனால் அது ஒன்றொன்றாக எடுக்கிறது, வேண்டாததைத் திருப்பி விட முடிகிறது. பரிசலில் வலை போட்டுப் பிழைக்கிறவர்களையும் நான் குறை சொல்லவில்லை. கரன்ட் வைப்பதால் முதலில் வயிறு காய்வது அவர்களுக்குத்தான்.

என் யோசனை இவ்வளவுதான். சினைமீனையும் குஞ்சையும் விடுங்கள். அறுந்த தங்கூஸ் நரம்பைக் கரையில் போடாதீர்கள், கொக்கு காலில் சுற்றும். பேரன் பேத்தியைக் கூட்டிப் போங்கள், ஆனால் அணையில் தண்ணீர் திறந்திருக்கும் நாளில் வேண்டாம். கரன்ட், தோட்டா, பவுடர் எதைக் கண்டாலும் தனியாகச் சண்டைக்குப் போகாமல் நாலு பேராகச் சொல்லுங்கள், கேட்காவிட்டால் போலீசுக்குச் சொல்லுங்கள். கரையோர ஊராட்சிகளில் அக்டோபர் 2 கிராமசபையில் இதை ஒரு தீர்மானமாகக் கொண்டு வாருங்கள். கை தூக்க ஆள் இருந்தால் போதும், செலவு ஒன்றும் இல்லை.

உங்கள் ஊரில் யாராவது அப்படித் தீர்மானம் போட்டால் எனக்குத் தெரியப்படுத்துங்கள். அதன் நகலை அடுத்த ஊருக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது என் பொறுப்பு.