எலி உண்டதும் நாம் உண்பதும்

"அரிசிச் சோறு உடலைத் தளர்த்தும், கோதுமையே வலிமை தரும். எலிகளை வைத்து விஞ்ஞானிகள் நிரூபித்துவிட்டார்கள்" என்று மாணவர் ஒருவர் அண்மையில் எம்மிடம் கூறினார். ஹற்றன் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வருபவர் அவர். லயத்தில் நாள்தோறும் கோதுமை மா ரொட்டி சுடும் தம் தாயார் விஞ்ஞான வழியில் நடக்கிறார் என்பதில் அவருக்குப் பெருமை. எத்தனை எலிகள், அவை என்ன உண்டன என்று கேட்டோம். அவருக்குத் தெரியவில்லை.

அப்பரிசோதனை மெய்யாகவே நடந்ததுதான். எமது மலைநாட்டைப் போலத் தேயிலை விளையும் நீலகிரியில், குன்னூர் ஆய்வுகூடத்தில், ரொபேட் மக்கரிசன் என்னும் மருத்துவர் அதனை நடத்தினார். இந்தியாவின் பல பகுதி மக்களின் உணவுகளை எலிகளுக்கு ஊட்டி ஒப்பிட்டார். குழுக்கள் ஏழு, குழுவொன்றுக்கு 20 இளம் எலிகள். வயது, எடை, ஆண் பெண் விகிதம் ஆகியவை எல்லாக் குழுக்களிலும் ஒத்திருந்தன என்பதையும் எழுதிவைத்தார். சீக்கியர் உணவை உண்டவை முதலிடம் பெற்றன. சென்னை மாகாணத்து அரிசியுணவை உண்டவை கடைசியில் நின்றன.

ஆயின், சீக்கியர் உணவு என்பது யாது? தவிட்டோடு அரைத்த கோதுமை மட்டுமன்று. பால், வெண்ணெய், பருப்பு, காய்கறி, பழம், இடையிடையே இறைச்சி ஆகியவையும் சேர்ந்தது. அங்ஙனமாயின் வென்றது கோதுமையா, பாலா, காய்கறியா? அந்த ஒப்பீட்டை மட்டும் கொண்டு கூறவியலாது. தவிடு நீக்கிய வெள்ளை மாவு ரொட்டிக்கோ அதில் சான்றே இல்லை. விவரம் எழுதப்பட்டிருப்பதனாலன்றோ இதனை நாம் இன்று பிரித்தறிகிறோம்!

எல்லோரும் அவ்வாறு எழுதுவதில்லை. பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் நடந்த பிராணி ஆய்வுகள் பற்றிய 271 கட்டுரைகளைப் பரிசீலித்த அறிக்கையொன்று 2009இல் வெளிவந்தது. ஆய்வின் நோக்கம், பிராணிகளின் தொகை, இயல்பு ஆகியவற்றைக் கூறியவை 59 சதவீதமே. பிராணிகளைச் சீட்டுக் குலுக்கினாற்போலப் பாரபட்சமின்றிப் பிரித்ததாக 87 சதவீதமானவை கூறவில்லை. திடமான எலிகளெல்லாம் ஒரு பக்கம் சேர்ந்துவிட்டால், பயனற்ற மருந்தும் பயனுள்ளதாய்த் தோன்றும் அல்லவா? இக்குறை நீங்கவே 2010இல் 'அரைவ்' என்னும் நெறிமுறைகள் வகுக்கப்பட்டன. 2020இல் அவை திருத்தப்பட்டபோது, இன்றியமையாதவை பத்து என வரையறுக்கப்பட்டன.

எலி தன் உயிரைத் தந்து சாட்சி சொல்கிறது. அச்சாட்சியத்தை அரைகுறையாய் எழுதுவோரும், அரைகுறையாய்ப் படிப்போரும் அவ்வுயிரை வீணாக்குகின்றனர். மாணவர்களே, "நிரூபித்துவிட்டார்கள்" என்று யாரேனும் கூறினால், எத்தனை, எவ்வாறு, எதனோடு ஒப்பிட்டு என்று கேளுங்கள்.

எமது மாணவர் வீட்டில் ரொட்டி நிற்கவில்லை. லயத்துக்குப் பின்னால் விளையும் கீரையும் இப்போது அதனுடன் சேர்ந்திருக்கிறதாம்.