புழுதான் குமட்டுகிறதா?

பெசன்ட் நகர் அடுக்குமாடியில் வசிக்கும் என் நண்பர் ஒருவர் மொட்டை மாடியில் நாலு நாட்டுக்கோழி வளர்க்கிறார். அசோசியேஷனிடம் முறையாக அனுமதி வாங்கித்தான். மூன்று வருஷமாக யாரும் முணுமுணுக்கவில்லை. முட்டை பக்கத்து வீடுகளுக்கும் போவதுதான் காரணம் என்று நினைக்கிறேன். போன மாதம் அவருக்கு நோட்டீஸ் வந்தது. கோழிக்காக அல்ல, புழுவுக்காக!

பயந்துவிடாதீர்கள். சாக்கடைப் புழு இல்லை. ஆங்கிலத்தில் மீல்வார்ம் என்பார்கள். நாம் மாவுப்புழு என்று வைத்துக்கொள்வோம். ஒரு வண்டின் இளம்பருவம். உங்கள் வீட்டு ரவை டப்பாவில் அழைக்காமலே வந்து உட்காருமே ஒரு சின்னச் சிவப்பு வண்டு, அதற்கு இது ஒன்றுவிட்ட சொந்தம். ஒரு பிளாஸ்டிக் டப், நாலு விரற்கடை கோதுமைத் தவிடு, ஈரத்துக்கு ரெண்டு துண்டு கேரட், மேலே வலை மூடி. அவ்வளவுதான் பண்ணை. காயவைத்து எடை போட்டால் ஏறத்தாழ பாதி புரதம். கோழிக்கு அல்வா மாதிரி.

நானும் அசோசியேஷன் கூட்டத்துக்கு நண்பரோடு போய் உட்கார்ந்திருந்தேன். 'நோய் வரும்' என்றார் ஒருவர். 'குழந்தைங்க மாடிக்குப் போறாங்க' என்றார் இன்னொருவர். சரி, கேட்க வேண்டிய கேள்விகள்தான். மூன்றாமவர் சொன்னதைக் கேளுங்கள்: 'ஏற்கெனவே குப்பத்துலேருந்து வர்ற கருவாட்டு நாத்தம் தாங்கலை. இப்ப மாடியிலயும் இதுவா?'

கை தட்டினார்கள் சார்.

அந்தக் குப்பம் ஊரூர் ஆல்காட் குப்பம். பெசன்ட் நகர் என்ற பெயர் பிறப்பதற்கு முன்பே அங்கே இருந்த மீனவர் ஊர். கடற்கரையோரமாக வடக்கே நடந்தால், அடையாறு கடலில் சேரும் இடத்தில், 1977-ல் இடிந்த பாலம் பாதியில் நிற்குமே, அதற்குத் தென்புறம். கூட்டம் முடிந்து அங்கேதான் போனேன். மீன் விற்றுக்கொண்டிருந்த ஓர் அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

'இன்னா தம்பி, கோழிக்குப் புழு வளக்கறாங்களா? எங்க கோழிக்கு யாரும் ஒண்ணும் போடறதில்ல. வலையாண்ட கிளறி அதுவே பொறுக்கித் தின்னுக்கும்.'

கோழி என்பது பூச்சி தின்னும் பறவை. கிளறுவதற்கென்றே கடவுளோ பரிணாமமோ அதற்குக் கால் கொடுத்திருக்கிறது. விழுப்புரம் பக்கம் கிராமத்தில் என் பாட்டி ஒரு பழைய பானையில் கிழிந்த கோணி, காய்ந்த சாணி, ஓலை எல்லாம் திணித்துத் தண்ணீர் தெளித்து, புற்று இருக்கும் இடமாகப் பார்த்து மாலையில் கவிழ்த்து வைப்பார். காலையில் பானை நிறையக் கறையான். குஞ்சுகளுக்கு அதுதான் டிபன். கால்நடைத் துறையினர் இன்றும் புறக்கடைக் கோழி வளர்ப்பவர்களுக்குச் சொல்லித் தரும் முறை இது. பாட்டியின் பானைதான் நண்பர் வீட்டில் பிளாஸ்டிக் டப் ஆகியிருக்கிறது.

அந்த அம்மா அடுத்துச் சொன்னதுதான் என்னைத் தூங்க விடவில்லை. 'முன்னெல்லாம் காரப்பொடி, கவலை, நெத்திலி எல்லாம் கூறு கட்டிக் குடுப்போம். இல்லாத ஜனம் வாங்கித் தின்னும். இப்ப லாஞ்சுக்காரங்க பொடிசு பொடிசா வாரிக்கினு வந்து கோழித் தீனிக்கு அனுப்பிடறாங்க.'

விசைப்படகின் இழுவை வலை பெரிய மீன், குஞ்சு மீன் என்று பார்க்காது. இறாலுக்காகப் போட்ட வலையில் சிக்கும் பொடி மீனை ஒரு காலத்தில் கடலிலேயே கொட்டினார்கள். பிறகு அதற்கும் விலை வந்தது. 'கழிவு மீன்' என்று பெயர் சூட்டி, காயவைத்து, அரைத்துத் தீவனத்தில் சேர்த்தார்கள். சோழமண்டலக் கடற்கரையை ஆராய்ந்து 2010-ல் வெளியான கட்டுரை ஒன்று இதைத்தான் எச்சரித்தது: கழிவுக்குச் சந்தை கிடைத்துவிட்டால், நல்ல மீன் தீர்ந்த பிறகும் கடலை வழித்துக்கொண்டே இருப்பார்கள்.

கழிவு என்கிறோமே, அது என்ன? நாளைக்கு முழம் நீளம் வளர வேண்டிய மீனின் குஞ்சு. கரையோரம் ஃபைபர் போட்டில் போகும் ஊரூர் குப்பத்துக்காரருக்கு அடுத்த வருஷத்துச் சோறு.

நியாயமாகச் சொல்கிறேன். கோழித் தீவனத்தில் பெரும்பங்கு மக்காச்சோளமும் சோயாவும்தான். எல்லா மூட்டையிலும் மீன் இருக்கும் என்று சொல்லவில்லை. உலக அளவில் மீன்தூளை அதிகம் விழுங்குவது இறால், மீன் பண்ணைகள். 2020-ல் மட்டும் சுமார் 1 கோடியே 60 லட்சம் டன் மீன் தூளாகவும் எண்ணெயாகவும் போனது என்கிறது ஐ.நா.வின் உணவு, வேளாண்மை அமைப்பு. பண்ணை இறால் பொரித்து வரும்போது நாம் மூக்கைப் பிடிப்பதில்லை. மீனைத் தின்ற கோழியின் முட்டை ஆம்லெட்டாக வந்தால் குமட்டுவதில்லை. தவிடு தின்ற புழுவுக்கு மட்டும் நோட்டீஸ்!

நோய் வராதா என்பதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம், காயவைத்த மாவுப்புழுவை மனிதர்களே தின்னலாம் என்று 2021 ஜனவரியில் சொன்னது (ஒவ்வாமைக்காரர்கள் மட்டும் ஜாக்கிரதை). அதே வருஷம் செப்டம்பரில் பூச்சிப் புரதத்தைக் கோழித் தீவனத்தில் சேர்க்க ஐரோப்பிய ஒன்றியம் அனுமதித்தது. ஆனால் புழுவுக்கு இறைச்சிக் கழிவையோ ஹோட்டல் மிச்சத்தையோ போடக்கூடாது என்று நிபந்தனை. நண்பரும் அதைக் கடைப்பிடிக்கிறார். குப்பத்திலிருந்து ஆற்றைத் தாண்டினால் ராஜா அண்ணாமலைபுரத்தில் மத்திய அரசின் உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம். மீன்தூளுக்குப் பதில் பூச்சிப் புரதம் சரிப்படுமா என்று அங்கேயும் ஆராய்கிறார்கள். புழுவை விஞ்ஞானி தொட்டால் ஆராய்ச்சி, நாம் தொட்டால் அசிங்கமா?

இனி கணக்கு. பி.காம். படித்தவனிடம் கணக்கு கேட்காமல் விடாதீர்கள். ஒரு முட்டைக்கோழி தினம் 110, 120 கிராம் தீனி தின்னும். நாலுக்கும் சேர்த்து அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. ஆளுக்குப் பத்து கிராம் புழு போட்டால் மாதம் 1.2 கிலோ. ஒரு கிலோ புழுவுக்கு ஏறத்தாழ இரண்டு கிலோ தவிடு. முதல் அறுவடைக்கு மூன்று மாதம் பொறுக்க வேண்டும். சென்னை மே மாத வெயிலில் நிழல் இல்லாவிட்டால் டப் முழுக்க பிணம். ஆக, இது முழுச் சாப்பாடு அல்ல, தொட்டுக்கொள்ள. இதனால் மட்டும் வங்கக் கடல் பிழைத்துவிடும் என்று நான் புருடா விட மாட்டேன்.

இன்னொன்று. 'டப் வாங்குங்கள், புழுவை நாங்களே திருப்பி வாங்குகிறோம்' என்று யாராவது கோட்டு போட்டுக்கொண்டு வந்தால் ஓடிவிடுங்கள். 2012-ல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழியில் பணம் போட்டு நடுத்தெருவில் நின்றவர்களை மறந்துவிடாதீர்கள். சாப்பிட ஆள் இல்லாத பறவையை வளர்க்கச் சொல்லி மாதச் சம்பளம் தருகிறேன் என்றார்கள். நம்பினோம். புழு உங்கள் கோழிக்கு மட்டும்தான்.

அப்படியானால் கடலுக்கு என்ன வழி? கேரளம் 2015-ல் 14 வகை மீன்களுக்கு இந்த அளவுக்குக் கீழே பிடிக்கக் கூடாது என்று வரம்பு வைத்தது. 2017-ல் அதை 58 வகையாக்கியது. குஞ்சு மீனோடு கரைக்கு வரும் படகுக்கு அங்கே அபராதம். நம் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகளை நிறுத்துகிறோம். மீன் குஞ்சு பொரிக்கட்டும் என்று இரண்டு மாதம் காத்திருந்து, பொரித்த குஞ்சை அடுத்த மாதமே கோழிக்கு அரைத்துப் போடுவது எந்த ஊர் நியாயம்? தீவன மூட்டையில் மீன் இருந்தால் அது எந்த மீன், எங்கே பிடித்தது என்று அச்சடிக்கச் சொல்லலாமே. பிஸ்கெட் பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் படிக்கிற நாம் இதையும் கேட்கலாமே.

கூட்டத்தின் முடிவைச் சொல்லவில்லையே. பதினைந்து நாளில் டப்பை அகற்ற வேண்டும் என்று தீர்மானம். கருவாட்டு நாற்றம் பற்றி மாநகராட்சிக்கு மனு எழுதவும் அதே கூட்டத்தில் ஒரு கமிட்டி போட்டுவிட்டார்கள். அடுத்த ஞாயிறு மறுபரிசீலனை கேட்டு நண்பர் பேசப் போகிறார். எனக்கு அங்கே ஓட்டு இல்லை. உங்கள் கட்டடத்தில் இப்படி ஒரு தீர்மானம் வந்தால், உங்களுக்கு இருக்கிறது. கை தூக்குவதற்கு முன்னால் ஒருமுறை குப்பம் வரை நடந்துவிட்டு வாருங்கள். அந்த அம்மாவிடம் கூறு கட்டிய கவலை மீன் கிடைக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.