சிக்னல் இல்லாத ஏர்செல் எண்கள்: நுகர்வோர் சங்கத்தின் நிலைப்பாடு
(மார்ச் 2018 முதல் வாரச் செயற்குழுவில் ஏற்கப்பட்டது)

ஏர்செல் எண் வைத்திருப்பவர் அதே எண்ணுடன் வேறு நிறுவனத்துக்கு மாற, முதலில் ஏர்செல் சிக்னல் வேண்டும். பிப்ரவரி 21 முதல் தமிழ்நாட்டின் பல பகுதிகளில் கிடைக்காமல் போனது அதுதான். கோபுர நிறுவனங்களுடனான பணத் தகராறு, அடுத்த வாரமே மும்பையிலுள்ள நிறுவனச் சட்டத் தீர்ப்பாயத்தில் திவால் விண்ணப்பம், கடைகளின் முன் கூட்டம் என்று நடந்தவை அனைத்தும் உறுப்பினர்கள் அறிந்தவை. 1999-ல் இங்கே தொடங்கி, இங்கேதான் வேரூன்றிய நிறுவனம் இது. அதன் வீழ்ச்சிக்கு யார் காரணம் என்ற விவாதத்துக்குள் சங்கம் இப்போதைக்குப் போகவில்லை.

சங்கம் பேசுவது எண்ணைப் பற்றி. எண் மாற்ற விதிப்படி, வாடிக்கையாளர் தம் எண்ணிலிருந்து 1900-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்ப வேண்டும். பதிலாக எட்டு எழுத்துகள் கொண்ட போர்ட் கோடு வரும். அதைக் காட்டினால்தான் புதிய நிறுவனம் சிம் தரும். அனுப்புவதற்கும் பெறுவதற்கும் பழைய நிறுவனத்தின் வலையமைப்பு உயிரோடு இருக்க வேண்டும். 2011-ல் நாடு முழுவதும் இந்த வசதி வந்தபோது, வெளியேற விரும்பும் வாடிக்கையாளரைப் பழைய நிறுவனம் தடுத்துவிடக் கூடாது என்பதற்காகப் பல பாதுகாப்புகள் எழுதப்பட்டன. அந்த நிறுவனமே படுத்துவிட்டால் வாசல் எங்கே என்று ஒருவரும் எழுதவில்லை. ஏழு ஆண்டுகளாக இந்த ஓட்டை கண்ணில் படவில்லை என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் சொல்லுமானால், அதைச் சங்கம் ஏற்பதற்கில்லை. ஜனவரி 30-ஆம் தேதியே குஜராத், மகாராஷ்டிரம், மத்தியப் பிரதேசம் உள்ளிட்ட ஆறு தொலைத்தொடர்பு வட்டங்களில் இதே நிறுவனம் சேவையை நிறுத்தியது. மூன்று வாரம் முன்கூட்டியே மணி அடித்திருக்கிறது.

எண் போனால் பேச்சு மட்டும் போவதில்லை. வங்கியின் ஓ.டி.பி. அந்த எண்ணுக்குத்தான் வருகிறது. காஸ் சிலிண்டர் பதிவு, ஸ்மார்ட் ரேஷன் கார்டில் பொருள் வாங்கியதற்கான குறுஞ்செய்தி, ஆதார் சரிபார்ப்பு எல்லாம் அதிலேயே. எண்ணை ஆதாருடன் இணைக்க மார்ச் 31 கெடு என்று விரட்டிக்கொண்டிருக்கும் அரசு, அந்த எண் செத்துக் கிடக்கும்போது அது நிறுவனத்துக்கும் வாடிக்கையாளருக்கும் இடையிலான வணிகப் பிரச்சினை என்று ஒதுங்கி நிற்கிறது. கட்டாயப்படுத்தத் தெரிந்தவர்களுக்குக் காப்பாற்றவும் தெரிந்திருக்க வேண்டும். இந்த வாக்கியத்தை மென்மைப்படுத்தலாம் என்ற யோசனை செயற்குழுவில் வந்தது. பெரும்பான்மை அதை ஏற்கவில்லை.

உரிம நிபந்தனைகளில் முன்னறிவிப்பு விதி இருக்கிறது. உரிமத்தை ஒப்படைக்கும் நிறுவனம் அரசுக்கு 60 நாளும் வாடிக்கையாளருக்கு 30 நாளும் முன்னதாகத் தெரிவிக்க வேண்டும். தமிழ்நாட்டில் உரிமம் ஒப்படைக்கப்படவில்லை, கோபுரங்கள்தான் அணைந்தன. ஆகவே காகிதத்தில் சேவை நடக்கிறது, விதி மீறப்படவில்லை! சேவை நிற்பதை உரிமத்தின் நிலையை வைத்துக் கணக்கிடாமல், சிக்னல் இருக்கிறதா என்பதை வைத்துக் கணக்கிட வேண்டும் என்று சங்கம் கோருகிறது.

தொழில்நுட்பத்தில் வழி இல்லாமல் இல்லை. நாமக்கல் லாரி டிரைவர் வடக்கே போனால், அவருடைய நிறுவனத்துக்கு அங்கே கோபுரம் இல்லாவிட்டாலும் வேறொரு நிறுவனத்தின் கோபுரம் அவர் சிம்மை ஏற்றுக்கொள்கிறது. அந்தக் கோபுரம் சொந்த வட்டத்தில் உள்ள பதிவேட்டைக் கேட்டு, எண் உண்மையானது என்று உறுதி செய்துகொண்டு அழைப்பை விடுகிறது. இதுவே ரோமிங். கோபுரங்கள் அணைந்து பதிவேடு மட்டும் இயங்கும் நிலையில், சொந்த வட்டத்துக்குள்ளேயே இதைச் செய்ய முடியும். 3ஜி சேவையில் பெரிய நிறுவனங்கள் தங்களுக்குள் இப்படி ஒப்பந்தம் போட்டுக்கொண்டன. தொலைத்தொடர்புத் துறை தடுத்தது. தொலைத்தொடர்புத் தகராறு தீர்ப்பாயம் 2014 ஏப்ரலில் நிறுவனங்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. தங்கள் வியாபாரத்துக்கு வேண்டும்போது நீதிமன்றப் படியேறி வாங்கிய வசதி, நிர்க்கதியாக நிற்கும் வாடிக்கையாளருக்கு என்றால் மட்டும் முடியாத காரியமாகிவிடுகிறது. ஒரு நிறுவனத்தின் வலையமைப்பு முடங்கினால், குறைந்தது போர்ட் கோடு பெறும் வரையாவது, மற்ற நிறுவனங்கள் வட்டத்துக்குள் ரோமிங் தர வேண்டும் என்று ஆணையம் கட்டாயப்படுத்த வேண்டும்.

இதற்கான செலவை யார் ஏற்பது என்பதில் செயற்குழுவில் ஒருமித்த கருத்து உருவாகவில்லை. நிறுவனங்களின் வருவாயில் 5 சதவீதம் செல்லும் பொதுச் சேவைக் கடப்பாட்டு நிதியிலிருந்து ஈடுசெய்வதைப் பரிசீலிக்கலாம் என்பது பெரும்பான்மைக் கருத்து. கிராமப்புறச் சேவைக்கான நிதியை நகரத்துக்கும் சேர்த்துத் திருப்புவது சரியல்ல என்ற மாற்றுக் கருத்தும் பதிவு செய்யப்படுகிறது. ஏர்செல்லிடமிருந்து ஏற்கெனவே வரவேண்டிய பாக்கி வராத நிலையில் மேலும் கடன் தர மற்ற நிறுவனங்கள் தயங்குவதில் ஓரளவு நியாயம் உண்டு.

ப்ரீபெய்டு பாலன்ஸ் எண்ணுடன் மாறுவதில்லை; அதைத் திருப்பித் தர வேண்டும், திவால் நடவடிக்கையில் வங்கிகளுக்குப் பின்னால் அது வரிசையில் நிற்கக் கூடாது. ஒரு நிறுவனத்தில் சேர்ந்து 90 நாள் முடியாதவர் எண் மாற்ற முடியாது என்ற விதியைத் தமிழ்நாட்டு வட்டத்தில் நிறுத்திவைக்க வேண்டும். ரீசார்ஜ் கடைக்காரர்களின் முன்பணம் தனியே எடுத்துப் பேசப்படும்.

தனிநபர் புகார்களை ஆணையம் விசாரிப்பதில்லை. தந்திச் சட்டத்தைக் காட்டி 2009-ல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்புக்குப் பிறகு நுகர்வோர் நீதிமன்றத்தின் கதவும் பாதி சாத்தியிருக்கிறது. அந்தத் தீர்ப்பு தனியார் நிறுவனங்களுக்குப் பொருந்தாது என்பதே சங்கத்தின் கருத்து. பாதிக்கப்பட்டவர்கள் வழக்குத் தொடர்ந்தால் சங்கம் இயன்ற வரை துணை நிற்கும்.

எண் மாற்றத்துக்கு அறிவிக்கப்பட்டுள்ள கெடு ஏப்ரல் 15. உறுப்பினர்கள் கடைசி வாரத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். சிக்னல் வரும் நேரத்தில் உடனே 1900-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பிப் போர்ட் கோடைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளவும். புதிய சிம் இயங்கத் தொடங்கும்வரை பழைய சிம்மைத் தூக்கி எறிய வேண்டாம்.