பெயரில்லாதோர் பாடல்

திரையுலகச் சச்சரவுகளையும் இசையுலகப் பூசல்களையும் உலக அரசியல் விநோதங்களையும் துணுக்குகளாகத் திரட்டி மனனஞ் செய்துகொள்வதே புலமை எனக் கருதப்படும் காலமிது. ‘என்ஜாய் எஞ்சாமி’ என்னும் பாடல் வெளியான நாள் எது? சஞ்சிகையின் அட்டைப்படத்தில் இடம்பெறாது போனவர் யார்? சதுரங்க ஒலிம்பியாட் மேடையில் அதனைப் பாடியோர் யாவர்? இவ்வினாக்களுக்கு இமைப்பொழுதில் விடை பகரும் மாணவரிடம், அப்பாடலின் பின்னே நிற்கும் மூதாட்டி இலங்கைத் தேயிலைத் தோட்டத்தை விட்டு ஏன் வெளியேற நேர்ந்தது என்று வினவினால், மௌனமே விடையாகின்றது.

நிகழ்ந்தவை சுருக்கமானவை. பாடல் 2021 மார்ச் 7ஆம் நாள் வெளிவந்தது. அதனை எழுதித் தீயுடன் இணைந்து பாடியவர் அறிவு. இசைத் தயாரிப்பு சந்தோஷ் நாராயணனுடையது. அதே ஆண்டு ஆகஸ்டில் ‘ரோலிங் ஸ்டோன்’ இதழின் இந்தியப் பதிப்பு, இப்பாடலையும் ‘நீயே ஒளி’யையும் சிறப்பித்து அட்டைப்படம் வெளியிட்டது. இரண்டினையும் எழுதிய அறிவின் முகம் அதில் இல்லை. இயக்குநர் பா. இரஞ்சித் கண்டித்தார், பின்னர் அறிவுக்கும் ஓர் அட்டை கிடைத்தது. 2022 ஜூலை 28இல் சென்னையில் சதுரங்க ஒலிம்பியாட் தொடக்க விழா. தீயும் கிடாக்குழி மாரியம்மாளும் மேடையில் தோன்றினர், அறிவு அங்கில்லை. பாடல் தம் ஆக்கமென அறிவு எழுதினார். இசையமைப்பு தம்முடையதென்றும், உரிமையும் வருவாயும் மூவருக்கும் சமமென்றும் சந்தோஷ் நாராயணன் விடையிறுத்தார். அவரே 2024 மார்ச்சில், அப்பாடலால் தங்களுக்கு வருவாய் எதுவும் கிட்டவில்லை என்றார். சமமாகப் பங்கிடப்பட்டது சூனியம்!

இதனைக் கலைஞரிடை எழுந்த அற்பப் பிணக்கெனத் தள்ளிவிடுவோர் உளர். தேயிலைத் தோட்டக்காரியின் பேரன் ஒருவன் தன் பெயரைக் கேட்டு நிற்பதை அற்பமெனக் கூற, பெயருக்கு என்றுமே பஞ்சமில்லாதவர்களாலேயே இயலும்.

லிந்துலையிலிருந்து நோக்குமிடத்து இது தெளிவாகும். அதனைச் சூழ்ந்த மலைகளில் தோட்டங்களுக்குப் பெயரிட்டவர்கள் வெள்ளைத்துரைமார். தம் தாயகமான ஸ்கொட்லாந்தின் இடப்பெயர்கள் பலவற்றை இங்கே கொணர்ந்து நட்டனர். தலவாக்கலையின் ஹோலிரூட் இன்றும் அவ்வாறே வழங்குகின்றது. தொழிலாளரோ அத்தோட்டங்களுக்குத் தம் நாவுக்கேற்ற தமிழ்ப் பெயர்களைச் சூட்டி வழங்கினர். தேயிலைப் பெட்டியில் அச்சாவது முன்னைய பெயரேயன்றிப் பின்னையது அன்று. கொழுந்து பறித்தவளின் பெயரோ இரண்டிலும் இல்லை.

பாட்டின் கதியும் இதுவே. கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சி அம்மாள் தொழிலாளர் துயரைத் தாமே பாட்டாக்கித் தோட்டத் தொழிலாளர் கூட்டங்களில் பாடினார். அப்பாடல்களை 1940இல் நூலாகவும் வெளியிட்டார். அவர் பெயரை இன்று நினைவுகூர்வோர் சிலரே. 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் சென்ற சி.வி. வேலுப்பிள்ளை, மலைநாட்டு மக்களின் வாய்மொழிப் பாடல்களைத் தொகுத்தார். அவர் தேடியிராவிடின் அவற்றுட் பல மண்ணோடு போயிருக்கும். ஆயினும் தாலாட்டையும் ஒப்பாரியையும் முதலிற் கட்டியவள் யாரென்பதை எத்தொகுப்பாளராலும் மீட்க முடியவில்லை. ‘நாட்டார் பாடல் பொதுச்சொத்து’ என்னும் வாதம் இங்கேதான் பிறக்கின்றது. பொதுச்சொத்து என்பார், அச்சொத்தினால் விளையும் புகழும் பொதுவிற் சேர்கின்றதா என்பதைக் கூறுவதில்லை. இல்லாதவனிடமிருந்து எடுக்கும்போது பொது, எடுத்தபின் தனியுடைமை.

பாட்டுக்கு முன்பே ஆட்களைப் பெயரின்றிக் கையாண்டது அரசியல். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டம் இம்மக்களின் குடியுரிமையைப் பறித்தது. அடுத்து வாக்குரிமையும் போயிற்று. 1964 ஒக்டோபர் 30இல் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் கையொப்பமிட்ட ஒப்பந்தம் 975,000 பேரை எண்ணிக்கையாகவே கண்டது: 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 150,000 பேர் பிறகு பார்த்துக்கொள்ளப்படுவர். அந்தப் ‘பிறகு’ 1974இல் வந்தது. ஆளுக்குப் பாதியாய் 75,000. அப்பமும் குரங்கும் கதையிலேனும் பூனைகளிடம் ஒப்புதல் கேட்கப்பட்டது. இங்கு எவரும் கேட்கப்படவில்லை. ஒரே லயத்தில் அண்ணன் இந்தியப் பிரசையானான். தங்கை இலங்கைப் பிரசையானாள். மலையகப் புகையிரத நிலையங்களில் கட்டிப்பிடித்து அழுதவர்கள் தலைமன்னாரில் கப்பலேறினர். அறிவின் பாட்டி வள்ளியம்மாள் அவ்வாறு திரும்பியோருள் ஒருவர். பேரனின் பாட்டிலுள்ள ஒப்பாரிக்கு வரலாறு இதுவே. 1964 என்னும் ஆண்டும் 525,000 என்னும் எண்ணும் துணுக்காகக் கேட்கப்படலாம். தங்கைக்கு என்னவாயிற்று என்று வினாத்தாள் கேட்பதில்லை.

தங்கை லிந்துலையிலும் அக்கரப்பத்தனையிலும் மலையேறிக்கொண்டிருந்தாள். பாடல் வெளிவந்த அதே மார்ச் மாதத்தில்தான் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,000 ரூபாவென வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. பல்லாண்டுக் கோரிக்கை அது. கம்பனிகள் நீதிமன்றம் ஏறின. கொழுந்தின் நிறையளவை உயர்த்துவது பற்றிய பிணக்குகள் தோட்டந்தோறும் எழுந்தன. கோடிக்கணக்கானோர் ஒரு தோட்டக்காரியின் பேரனுடைய பாட்டிற்கு ஆடிய நாட்களில், தோட்டக்காரியின் ஆயிரம் ரூபாவைப் பற்றி இக்கரையிலும் அக்கரையிலும் எத்தனை தமிழ்ச் சஞ்சிகைகள் அட்டைப்படம் போட்டன? சச்சரவுத் துணுக்குகளைத் தொகுப்போர் அக்கணக்கை முதலில் எடுத்துப் பார்க்கட்டும்.

அறிவு 2024இல் வெளியிட்ட இசைத்தொகுப்பின் பெயர் ‘வள்ளியம்மா பேராண்டி’. இம்முறை பாட்டியின் பெயர் தலைப்பிலேயே நிற்கின்றது.