ராத்திரி விழித்திருப்பது யார்?

ஆவடி தொழிற்சாலையில் இருந்து முதல் "விஜயந்தா" டாங்கி 1965-ல் வெளியே வந்தது. அம்பத்தூர் சைக்கிள் தொழிற்சாலை அதற்கும் முன்பே ஓடத் தொடங்கிவிட்டது. அந்தக் காலத்தில் 20 வயதில் வேலைக்குச் சேர்ந்தவர், இன்று 80 வயதுக் கிழவர்!

பிள்ளைகள் எங்கே? ஒருவர் பெங்களூரில். ஒருவர் அமெரிக்காவில். உள்ளூரில் இருக்கும் மகனும் மருமகளும் காலையில் வேலைக்குப் போனால், இரவில்தான் வருகிறார்கள்.

ஆகவே, அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கத்துக் குடும்பங்களும் முதியோர் இல்லம் தேடுகின்றன.

தேடுவது தவறு அல்ல. படுத்த படுக்கையான தாயை வீட்டில் வைத்துப் பூட்டிவிட்டுப் போவதைவிட, நல்ல இல்லம் மேல். ஆனால், நல்ல இல்லம் எது?

பளிங்குத் தரை

பலர் ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்க்கிறார்கள். பளிங்குத் தரை பளபளக்கிறது. டெலிவிஷன் ஓடுகிறது. மானேஜர் காபி கொடுக்கிறார். உடனே பணத்தைக் கட்டிவிடுகிறார்கள்.

பளிங்குத் தரை தாகத்துக்குத் தண்ணீர் கொடுக்குமா? டெலிவிஷன் ஈரத் துணியை மாற்றுமா?

இல்லத்தை எடைபோட வேண்டிய இடம் வாசல் அறை அல்ல. எழுந்திருக்க முடியாதவரின் கட்டில்!

கட்டிலைப் பாருங்கள்

அசைய முடியாதவரை 2 மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். பகலில் மட்டும் அல்ல, ராத்திரியிலும்தான். இல்லாவிட்டால், இடுப்பிலும் குதிகாலிலும் தோல் சிவக்கும். பிறகு படுக்கைப் புண் வரும்.

ஆஸ்பத்திரியில் இருந்து வரும்போதே புண்ணோடு வருகிறவர்களும் உண்டு. ஆகையால், புண் இருப்பதே இல்லத்தின் குற்றம் ஆகாது. அதை மறைப்பது குற்றம்.

"ராத்திரியில் எத்தனை பேருக்கு ஓர் ஆயா?" என்று கேளுங்கள். நேரான பதில் வராவிட்டால், எழுந்து வந்துவிடுங்கள்.

தண்ணீர் டம்ளர் கைக்கு எட்டுகிறதா? நாக்கு உலர்ந்து இருக்கிறதா? தூக்க மாத்திரை கொடுத்தால், அதற்கு டாக்டர் சீட்டு இருக்கிறதா? யாரையாவது கட்டிலோடு கட்டி வைத்திருக்கிறார்களா? இவற்றைப் பார்க்கப் படிப்பு தேவை இல்லை. கண் இருந்தால் போதும்.

தாய் உண்மையைச் சொல்ல மாட்டாள்

"சௌக்கியமா அம்மா?" என்று கேட்டால், "சௌக்கியம்தான் கண்ணு" என்பாள். பெற்ற மனம் பித்து! பிள்ளை வருந்தக்கூடாது என்று மறைப்பாள்.

ஆகவே, வேறு மாதிரி கேளுங்கள். "நேற்று ராத்திரி என்ன சாப்பிட்டாய்? எத்தனை மணிக்குத் துணி மாற்றினார்கள்? கூப்பிட்டால் யார் வருகிறார்?" இதற்கு வரும் பதிலில் உண்மை தெரிந்துவிடும்.

பாலேஸ்வரம் தரும் பாடம்

2018 பிப்ரவரியில் நடந்ததை மறந்துவிடக் கூடாது. காஞ்சிபுரம் மாவட்டம் பாலேஸ்வரம் கருணை இல்லத்தைச் சேர்ந்த ஒரு வண்டியில் காய்கறி மூட்டை இருந்தது. ஒரு பிணமும் இருந்தது. உயிரோடு ஒரு மூதாட்டியும் இருந்தார்! அவர் போட்ட கூச்சலைக் கேட்டு, வழியில் போனவர்கள் வண்டியை நிறுத்தினார்கள்.

இல்லத்தார் குற்றச்சாட்டுகளை மறுத்தார்கள். அதிகாரிகள் சோதனை போட்டார்கள். அங்கே இருந்த முதியவர்கள் வேறு இல்லங்களுக்கு மாற்றப்பட்டார்கள்.

முதலில் கேட்டது யார் காது? அதிகாரியின் காது அல்ல. தெருவில் போனவர்களின் காது! வெளியார் வந்து போகும் இல்லத்தில் தவறு குறையும். கதவு மூடிய இல்லத்தில் தவறு வளரும்.

"ஞாயிற்றுக்கிழமை மட்டும் பார்க்கலாம்" என்று சொல்லும் இல்லத்தில் தாய் தந்தையைச் சேர்க்காதீர்கள்.

எங்கே புகார் செய்வது?

மாவட்ட சமூக நல அலுவலரிடம் புகார் கொடுக்கலாம். ஆவடி, பூந்தமல்லி ஆகியவை திருவள்ளூர் மாவட்டம். அம்பத்தூர் 2018 முதல் சென்னை மாவட்டம். 14567 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் முதியோர் உதவி கேட்கலாம்.

2007-ம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. பெற்றோரைக் கவனிக்க வேண்டியவர்கள் அவர்களைக் கைவிட்டால், 3 மாதம் வரை ஜெயில், அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு.

மாதாமாதம் பணம் அனுப்பிவிட்டு, வருடக் கணக்கில் எட்டிப் பார்க்காமல் இருப்பதும் ஒருவகையில் கைவிடுவதுதான். சட்டம் விட்டாலும், மனச்சாட்சி விடாது.

செவ்வாய்க்கிழமை போங்கள். சொல்லாமல் போங்கள். சாப்பாட்டு வேளையில் போங்கள். வெளியூரில் இருந்தால், உறவினரையோ, நண்பரையோ அனுப்புங்கள். பக்கத்துக் கட்டிலில், தேடி வர ஆள் இல்லாமல் ஒருவர் படுத்திருப்பார். அவரிடமும் இரண்டு வார்த்தை பேசுங்கள். அவரைக் கவனிக்கிற இல்லம்தான் நல்ல இல்லம்.

பணம் கட்டினால் கட்டில் கிடைக்கும். கவனிப்பு கிடைக்க வேண்டுமானால், பிள்ளை போய் நிற்க வேண்டும்!